அமெரிக்க ஜாஸ் கலைஞர் சன்னி ராலின்ஸ் பாலத்தின் மேல் இரண்டு ஆண்டுகள் சாக்ஸஃபோன் சாதகம் செய்தது ஏன்?

ஏரிக்கரை (தருமபுரி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரியில் ஒரு திருமண பேண்டு செட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்து வருகிறேன். முதலில் என் பெரியப்பாவிடம் கிளாரினெட் கற்றுக்கொண்டேன். பிறகு செட்டில் சாக்ஸுக்கு ஆள் இல்லாமல் போனபோது அதைக் கையில் எடுத்தேன். மேற்கத்திய இசையையோ கர்நாடக இசையையோ முறையாகப் பயின்றவன் அல்லன். ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் படிப்பேன், ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் வாசித்துவிடுவேன், அவ்வளவுதான்.

கடந்த வைகாசியில் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்தபின், நாங்கள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். துணியைக் கயிற்றில் கட்டிக் குழலுக்குள் விட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்த என்னிடம், பெண் வீட்டாரின் உறவினராகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வந்து, எங்கே சாதகம் செய்கிறாய் என்று கேட்டார். நாங்கள் இருப்பது வரிசை வீடு என்றும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் விடிவதற்கு முன்பே ராமக்காள் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் நீயும் சன்னி ராலின்ஸ்தான். அவரும் பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தான் பாலத்துக்குப் போனார், இரண்டு வருஷம் கச்சேரியே செய்யவில்லை" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அதற்குள் எங்களை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டுவிட்டதால் மேற்கொண்டு அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

அன்று முதல் இந்த எண்ணம் என்னை விடவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு நிகழ்ச்சிகளில் சில பாடல்களுக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிடம் தனியாக இழுத்து வாசிக்கச் சொல்வார்கள். முதல் நிமிடம் நன்றாகப் போகும். அதன்பின் விரல்கள் தாமாகவே பழகிப்போன நான்கைந்து பிடிகளுக்குள் போய் விழுந்துவிடும். கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள், செட்டில் இருப்பவர்களும் யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். நான் கவனிக்கிறேன் என்பதுதான் என் தொல்லை. ஓராண்டு முன்பணம் எதுவும் வாங்காமல், முகூர்த்தங்களை விட்டுவிட்டுச் சாதகம் மட்டும் செய்தால் என்ன என்று தோன்றுகிறது. வீட்டில் மனைவியும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெரியவர் சொன்ன கதை உண்மைதானா? உண்மையென்றால், நல்ல பெயரில் இருந்த ஒருவர் ஏன் அப்படிப் போனார், பாலத்தில் எதைச் சாதகம் செய்தார், திரும்பி வந்தபோது அவருக்கு என்ன கிடைத்தது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

தம்பி, நான் வாசிப்பவன் அல்லன், நாற்பது ஆண்டுகளாகக் கேட்பவன் மட்டுமே. கதை உண்மை. ஆனால் பெரியவர் உங்களிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காக ராலின்ஸ் பாலத்துக்குப் போனார் என்பது எங்கே சாதகம் செய்தார் என்பதற்கு விடையாகுமே தவிர, கச்சேரிகளை ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஆகாது. இவ்விரண்டும் வேறு வேறு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு கோடையில் அவருக்கு 28 வயது. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் கிராண்ட் தெருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அண்டை வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருந்ததால் அறைக்குள் முழு மூச்சோடு ஊதுவதற்கு அவருடைய மனம் இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் டிலான்சி தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, கிழக்கு ஆற்றின் மேல் புரூக்ளினுக்குச் செல்லும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் படிகள் கண்ணில் பட்டன. 1903இல் திறக்கப்பட்ட பாலம் அது. நடைபாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பக்கம் ரயில்களும் கார்களும் ஓட, கீழே படகுகள் ஊதிக்கொண்டு போக, அவர் எவ்வளவு உரக்க ஊதினாலும் கேட்பதற்கு எவரும் இல்லை. அன்று தொடங்கி 1961 வரை, பனிக்காலத்திலும் விடாமல், சில நாட்களில் பதினைந்து பதினாறு மணி நேரம்கூட அங்கே வாசித்திருக்கிறார்.

அவர் ஏன் போனார் என்பது புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும். 1930 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். பெற்றோரின் பூர்வீகம் கரீபியத் தீவுகள். முதலில் உங்களைப் போலவே ஆல்டோ வாசித்தார், டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் மேல் கொண்ட பக்தியால் 1946 வாக்கில், ஆல்டோவைவிடத் தணிந்த குரலுடைய டெனர் சாக்ஸஃபோனுக்கு மாறினார். இருபது வயதுக்குள் பெரியவர்களோடு வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதே வயதில் ஹெராயினும் பிடித்துக்கொண்டது. 1950இல் ஆயுதம் தாங்கிய கொள்ளை வழக்கில் கைதாகி ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பத்து மாதங்கள் இருந்தார், நன்னடத்தை விதியை மீறியதால் மறுபடியும் உள்ளே போனார்.

1953 ஜனவரியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவு ஒன்றுக்கு ராலின்ஸ் வந்தபோது அவருடைய தெய்வமாகிய சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் அங்கே இருந்தார். பார்க்கரும் ஹெராயினுக்கு அடிமையாயிருந்தவர். பழக்கத்தை விட்டுவிட்டாயா என்று பார்க்கர் கேட்டபோது, விட்டுவிட்டேன் என்று ராலின்ஸ் பொய் சொன்னார். அது பொய் என்று தெரிந்ததும் பார்க்கரின் முகம் மாறிவிட்டதாம். தன்னைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது பார்க்கருக்குத் தெரியும். அந்த முகத்தை ராலின்ஸ் மறக்கவில்லை. பிறகு தாமாகவே கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். பழக்கத்தை விட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்த சமயத்தில், 1955 மார்ச்சில் பார்க்கர் 34 வயதில் இறந்துபோனார்.

மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர் உடனே மேடைக்கு ஓடவில்லை. சிகாகோவில் தங்கிக் கட்டடம் கூட்டும் வேலை போன்ற கூலி வேலைகளைச் செய்துகொண்டு, இசை விடுதிகளின் பக்கம் போகாமல் இருந்தார். ஆகவே ஒதுங்கிப் போவது என்பது அவருக்குப் பாலத்தில் தொடங்கியதன்று. அந்த ஆண்டின் இறுதியில் கிளிஃபர்ட் பிரவுனும் மேக்ஸ் ரோச்சும் நடத்திய குழுவில் சேர்ந்தார். டிரம்பெட் வாசித்த பிரவுன் போதை பக்கமே போகாதவர். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே இப்படி வாசிக்கலாம் என்று கண் முன்னால் காட்டியவர். 1956 ஜூன் 22 அன்று ராலின்ஸ் தம் மிகப் புகழ்பெற்ற 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். நான்கே நாட்கள் கழித்து, ஜூன் 26 அன்று, பிரவுன் கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25.

அந்தத் தட்டில் 'செயின்ட் தாமஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. சிறுவயதில் தாய் பாடக் கேட்ட கரீபிய மெட்டை ராலின்ஸ் அப்படியே எடுத்துக்கொண்டு வாசித்திருப்பார். முதலில் அதைக் கேளுங்கள். தொடக்கத்தில் இரண்டே சுரங்களை வைத்துக்கொண்டு, குழந்தை பம்பரம் விடுவது போல் அதையே திருப்பித் திருப்பி வேறு வேறு இடத்தில் போடுவார். உங்கள் தொல்லைக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவரும் ஒரே பிடியைத் திரும்ப வாசிக்கிறார், ஆனால் வேண்டுமென்றே வாசிக்கிறார்.

அதே தட்டில் இருக்கும் 'ப்ளூ செவன்' என்ற பாட்டைக் குந்தர் ஷுல்லர் என்னும் இசையறிஞர் 1958இல் சுரம் சுரமாகப் பிரித்து, ஒரு சிறு கருவிலிருந்து முழு வாசிப்பும் எப்படி முளைக்கிறது என்று நீண்ட கட்டுரை எழுதினார். புகழ்ந்துதான் எழுதினார். ஆனால் தாம் அறியாமல் செய்துகொண்டிருந்ததை ஒருவர் பெயர் சொல்லி விளக்கிவிட்ட பிறகு வாசிக்கும்போது அதுவே நினைவுக்கு வந்து தம்மைக் குழப்பியது என்றும், அதன்பின் விமர்சனங்களைப் படிப்பதில்லை என்று முடிவு செய்ததாகவும் ராலின்ஸ் சொல்லியிருக்கிறார். 1956 முதல் 1958 வரையிலான மூன்றே ஆண்டுகளில் தம் பெயரில் பத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைப் பதிவு செய்திருந்தார். ஊரெல்லாம் அவரை முதல் ஆள் என்றது. மேடையில் நின்று தாம் கொடுப்பது அந்தப் புகழுக்கு ஈடாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கூட்டம் கைதட்டியது, அவர் கவனித்தார். நீங்கள் எழுதியிருப்பதும் இதே சொல்தான்.

ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவருடன் வாழ்ந்த லூசில் (இருவரும் 1965இல் மணந்துகொண்டார்கள்) வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. பாலத்தின் படத்தைப் போட்டுக் கதை சொல்பவர்கள் லூசிலின் சம்பளத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

முகவீணை (பென்னாகரம் வட்டம்)

மேலே எழுதிய ஐயா விரிவாக எழுதியிருக்கிறார். ஜாஸ் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. காற்று வாத்தியத்தைப் பற்றியும் வெட்டவெளியைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

என் தந்தை நம் பகுதித் தெருக்கூத்தில் முகவீணை வாசித்தவர். பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும் வரை அந்த ஒரு சிறு குழல்தான் பாட்டுக்கும் கட்டியங்காரனுக்கும் துணை. இரண்டாம் ஆள் கிடையாது. அவர் கூத்துக் காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் போய் நின்று, காற்று வீசும் திசையைப் பார்த்து ஊதுவார். முதுகைக் காட்டி நின்றால் சத்தத்தைக் காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும், நீ என்ன ஊதினாய் என்பது உனக்கே தெரியாது என்பார். ஒரே சுரத்தை மூச்சு தீரும் வரை பிடிப்பார். நடுவில் சிறிது நடுங்கினாலும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். சிறுவயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். நாற்பது எண்ணுவதற்குள் நடுங்கினால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் அடுத்த முறை முப்பதிலேயே நடுங்கும்.

மண்டபத்தில் வாசித்தால் சுவர் ஒலியைத் திருப்பிக் கொடுக்கும். இப்போது மைக்கில் எக்கோ வேறு வைக்கிறார்கள். மூச்சு மெலிந்த இடத்தையெல்லாம் அது பூசி மெழுகிவிடும். வெட்டவெளி எதையும் திருப்பித் தராது. போட்டதுதான் இருக்கும். அந்த அமெரிக்கர் ரயிலோசைக்கு நடுவில் ஆற்றின் மேல் நின்று ஊதினார் என்றால், அவருடைய தொனி எப்படித் தடித்திருக்கும் என்பதை அவருடைய தட்டுகளைக் கேட்காமலேயே என்னால் ஊகிக்க முடிகிறது. நீங்கள் ஏரிக்கரையில் வாசிக்கிறீர்கள் என்பதே பாதி வேலை முடிந்தது போலத்தான்.

ஆனால் ஓராண்டு முகூர்த்தங்களை விடுவது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் தந்தை ஒருமுறை காய்ச்சலால் ஒரு கூத்துக் காலம் முழுவதும் போகவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, கூத்து நடந்தாக வேண்டும் அல்லவா? பேண்டு செட்டிலும் அப்படித்தான் நடக்கும். நமக்கு ஆண்டவன் ஆடியும் மார்கழியும் கொடுத்திருக்கிறான். ஆடியில் கல்யாணம் கிடையாது. மாரியம்மன் திருவிழாக்களுக்குப் பம்பையும் தாரை தப்பட்டையும்தான் போகும், சாக்ஸைக் கூப்பிடுபவர்கள் குறைவு. மார்கழியிலும் அதே நிலைதான். இரண்டையும் சேர்த்தால் அறுபது நாட்கள். ஒரு மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் சாதகம் செய்யலாம்.

ஏரிக்கரை (தருமபுரி)

இரண்டு ஐயாக்களுக்கும் மிக்க நன்றி. 'செயின்ட் தாமஸ்' பாட்டை நேற்று இரவு நான்கு முறை கேட்டேன். அந்த இரண்டு சுர விளையாட்டைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. நான் ஒரு நிமிடத்தில் முப்பது பிடிகளைச் செலவழித்துவிட்டு வெறுங்கையாக நிற்கிறேன், அவர் இரண்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்.

முகவீணை ஐயா சொன்ன ஆடி மாதக் கணக்கை என் மனைவியிடம் சொன்னேன். முதல்முறையாக இந்தப் பேச்சுக்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பாலத்திலிருந்து இறங்கி வந்த பிறகு அவருடைய வாசிப்பு உண்மையிலேயே மாறியிருந்ததா? பாலத்தில் எதையெல்லாம் வாசித்தார் என்பதற்குக் குறிப்பு ஏதேனும் உண்டா?

மூன்றாம் நடைமேடை (ஓசூர்)

பெரும்பாலும் வாசித்துவிட்டு எழுதாமல் போகிறவன் நான். இந்தக் கேள்விகளுக்கு எழுதத் தோன்றியது.

முதல் ஐயத்துக்கு நேர்மையான விடையைச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். 1961 நவம்பரில் ராலின்ஸ் நியூயார்க்கின் ஜாஸ் கேலரி விடுதியில் மீண்டும் மேடையேறினார். 1962 தொடக்கத்தில் கிதார் கலைஞர் ஜிம் ஹாலுடன் சேர்ந்து 'தி பிரிட்ஜ்', அதாவது பாலம், என்றே பெயரிட்டு ஒரு தட்டைப் பதிவு செய்தார். அவர் இல்லாத இரண்டு ஆண்டுகளில் ஜாஸ் உலகம் தலைகீழாகியிருந்தது. ஆர்னெட் கோல்மன் என்னும் ஆல்டோ கலைஞர் 1959 நவம்பரில் நியூயார்க்குக்கு வந்து, வழக்கமான ஸ்வர அமைப்பின் வேலிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தார். ஆகவே ராலின்ஸ் பாலத்திலிருந்து ஏதோ புது மந்திரத்தோடு இறங்கி வருவார் என்று காத்திருந்த விமர்சகர்கள் பலர், இவர் முன்பு வாசித்த மாதிரியே அல்லவா வாசிக்கிறார் என்று முணுமுணுத்தார்கள்.

என் காதுக்கு அப்படித் தோன்றவில்லை. 1957இல் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் பாஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு பியானோ இல்லாமல் வாசித்த பதிவையும், 1962ஆம் ஆண்டுத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பியானோவை எடுத்துவிட்டால் இடைவெளியை நிரப்ப ஆள் இல்லை. நம் ஊரில் தவிலும் ஒத்தும் மட்டும் இருக்க நாதஸ்வரம் தனியே ராகத்தைத் தூக்கிக்கொண்டு போவது போன்ற நிலை அது. 1957இல் அந்த இடைவெளி தெரிந்துவிடக் கூடாது என்பது போன்ற ஓர் அவசரம் அவரிடம் இருக்கும். அருமையான அவசரம்தான், நான் குறை சொல்லவில்லை. 1962இல் அவர் பேசாமல் நிற்கிறார். ஜிம் ஹால் ஒரு சொல் சொல்லட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஒரே ஒரு சுரத்தை வைக்கிறார். அந்த ஒரு சுரம் நிறைந்து நிற்கிறது. மாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை எளிது. அவர் விடாமல் குறிப்பேடு எழுதியவர். மூச்சை எங்கிருந்து எடுப்பது, உதட்டை எப்படிப் பிடிப்பது, எந்த விரல்பிடிக்கு எந்த ஒலி, என்ன சாப்பிடுவது என்பது வரை எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடுகளை உள்ளடக்கிய அவருடைய ஆவணங்களை 2017இல் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையம் பெற்றுக்கொண்டது. பாலத்தில் படகுகளின் ஊதொலிக்குப் பதில் ஊதியதையும் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அங்கிருந்த காலத்தில் புகைப்பதைக் கைவிட்டு உடற்பயிற்சியிலும் யோகத்திலும் இறங்கினார். காற்று வாத்தியக்காரருக்கு நுரையீரல்தானே முதல். 1961இல் ஒரு பத்திரிகையாளர் அவரைப் பாலத்தில் கண்டுபிடித்து, பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது வேறு கதை. ஊர் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

தென்பெண்ணை ஐயா சொன்னதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் இன்னொரு முறையும் விலகிப் போனார். 1960களின் இறுதியில் அப்படிப் போனவர் நம் நாட்டுக்கும் வந்தார். மும்பையில் பவாய் பகுதியில் இருக்கும் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி வேதாந்தமும் யோகமும் படித்தார். கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லையே என்று அவர் முறையிட்டபோது, சாக்ஸஃபோன் வாசிப்பதே உனக்குத் தியானம்தான் என்ற பொருளில் அங்கிருந்த சுவாமி சின்மயானந்தர் சொன்னதாக ராலின்ஸ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு 1971இல் மேடைக்குத் திரும்பினார்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1986இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு திறந்தவெளிக் கற்பாறை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மேடையிலிருந்து கீழே குதித்தார். குதிகால் எலும்பு முறிந்துவிட்டது. எழ முடியாமல் மல்லாந்து படுத்தவர், படுத்தபடியே தொடர்ந்து வாசித்தார். ஆவணப்படமொன்றுக்காகப் படம்பிடித்துக்கொண்டிருந்ததால் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளி உயரமான கட்டடம் ஒன்றில் அவர் குடியிருந்தார். மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது சாக்ஸஃபோனை மட்டும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அப்போது அவருக்கு வயது 71. நான்காம் நாள், செப்டம்பர் 15 அன்று, பாஸ்டனில் கச்சேரி செய்தார். மனைவி லூசில்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தப் பதிவும் தட்டாக வந்து, அதில் ஒரு பாட்டில் அவர் வாசித்த தனி வாசிப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. கடைசியாக மேடையேறியது 2012இல். நுரையீரல் இறுகும் நோய் அவருடைய மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாத்தியத்தை வாயில் வைக்க முடியாமல் போனதை ஏற்றுக்கொள்ளத் தமக்கு வெகு காலம் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார்.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

ஓசூர் நண்பர் நான் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பிவிட்டார். முகவீணை நண்பரின் ஆடி மாதக் கணக்கை நானும் வழிமொழிகிறேன்.

அமெரிக்கரையே சொல்லிக்கொண்டிருந்தால், இதெல்லாம் அந்த ஊருக்குத்தான் பொருந்தும் என்று உங்கள் செட்டில் யாராவது சொல்லக்கூடும். கத்ரி கோபால்நாத்தை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1994இல் 'டூயட்' படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் நம் ஊர் மண்டபங்களில் சாக்ஸஃபோன் இல்லாத வரவேற்பே இல்லை என்ற நிலை வந்தது. உங்கள் தொழிலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி, பொத்தான் வைத்த அந்த வாத்தியத்தில் கமகம் பேச வைப்பதற்குப் பல ஆண்டுகள் தனியே போராடினார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் ஹாண்டி அவரோடு சேர்ந்து மேடையில் வாசித்தார். இரண்டு மரபும் ஒரே மேடையில் நின்றபோது எவருக்கும் அது ஒட்டாததாகத் தெரியவில்லை. இந்தப் பித்தளைக் குழல் 1846இல் பாரிஸில் உரிமம் பெற்றது, அவ்வளவு இளைய வாத்தியம். அதற்கு எந்த ஊரும் சொந்த ஊர் அன்று.

ஏரிக்கரை (தருமபுரி)

ஆடி பிறந்து பத்து நாட்கள் ஆகின்றன. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்ததால் எழுதுகிறேன்.

பிடித்த முன்பணம் எதையும் திருப்பித் தரவில்லை, ஆவணி முகூர்த்தங்களுக்கு வழக்கம்போல் போகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என் விரல்கள் எப்போதும் போய் விழும் பிடிகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். நான்கைந்து என்று நினைத்திருந்தேன், பதினொன்று வந்தது. அந்தப் பதினொன்றையும் ஏரிக்கரையில் வாசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று நாட்கள் வாசிக்கவே எதுவும் இல்லாமல், நீண்ட சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். முகவீணை ஐயாவின் கணக்கில் என் மூச்சு இருபத்தாறில் நடுங்குகிறது. மகள் விடுமுறை நாட்களில் கூட வந்து எண்ணுகிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக எண்ணிவிடுகிறாள்.

நான்காம் நாள் விடியற்காலையில் கிருஷ்ணகிரி சாலையில் ஒரு லாரி நீளமாக ஒலியெழுப்பிக்கொண்டு போனது. படகுகளுக்குப் பதில் சொன்ன கதை நினைவுக்கு வந்து, அந்த ஒலியை என் வாத்தியத்தில் தேடினேன். கிடைத்தது, ஆனால் லாரியின் ஒலி என் சுரத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. உதட்டைத் தளர்த்தியதும் சேர்ந்துகொண்டது. அதற்குள் லாரி போய்விட்டது. அந்த ஒரு சுரத்தையும் அதற்கு அடுத்ததையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், பாட்டு எப்போது தம்பி ஆரம்பிக்கும் என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

ஒரு சிறு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. ஏரிக்காற்றின் ஈரத்தில் என் இரண்டரை எண் ரீடு (ஊதுமுனையில் பொருத்தும் நாணல் தகடு, எண் கூடினால் விறைப்பும் கூடும்) அரை மணி நேரத்தில் தளர்ந்துபோகிறது. மூன்றுக்கு மாறலாமா, அல்லது இரண்டு ரீடுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா என்று வாசிப்பவர்கள் யாராவது சொன்னால் நாளைக் காலையே செய்து பார்ப்பேன்.